பழைய கண்ணாடிப் புட்டிகளில் எழுத்துப் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தால் கண்ணுக்கு முன்னால் விரல் படித்துவிடும். கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும் எழுத்துகள் அப்படிப்பட்டவை. அவற்றில் ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதையோ, பெயரில் ஓர் எழுத்து குறைவதையோ கண்டவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் புட்டிகளைப் பற்றியது. மருந்து, சோடா, சாராயம், ஊறுகாய் என்று எல்லாவற்றுக்கும் எழுத்துப் புடைத்த புட்டிகள் அங்கே கணக்கில்லாமல் பெருகின; அவற்றின் பிழைகளைத் தேடித்தேடிக் குறித்துவைக்கும் சேகரிப்பாளர்களும் அங்கே ஏராளம்.

புட்டியின் மேல் எழுத்து எப்படி வந்தது?

ஊதுபவர் நீண்ட இரும்புக் குழலின் நுனியில் உருகிய கண்ணாடியைத் திரட்டி எடுப்பார். இரண்டு பாதிகளாகத் திறந்து மூடும் அச்சுக்குள் அதை இறக்கி ஊதுவார். கண்ணாடி பொங்கி அச்சின் உட்சுவரில் போய் அப்பும். அந்தச் சுவரில் பள்ளமாகச் செதுக்கியதெல்லாம் புட்டியில் மேடாக வரும். இடமும் வலமும் மாறி வரும். ஆகவே அச்சைச் செதுக்குபவர் வரியை வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிப் போட்டு, இரும்பில் வெட்ட வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் செய்பவருக்கும் ஈய எழுத்துக் கோத்த பழைய அச்சகத்தாருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் அச்சுக்கோப்பவருக்கு எழுத்து ஏற்கெனவே திருப்பி வார்க்கப்பட்டுப் பெட்டியில் கிடந்தது. இவருக்கு அந்த வசதி இல்லை. திருப்பும் வேலை முழுவதும் இவர் மண்டைக்குள் நடக்க வேண்டும்.

திரும்பி நிற்பது ஏன் எப்போதும் ஆங்கில ‘என்’னும் ‘எஸ்’ஸுமாகவே இருக்கிறது?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பதினொன்றைக் கண்ணாடியில் காட்டினாலும் உரு மாறாது: ஏ, எச், ஐ, எம், ஓ, டி (மரம்போல் நிற்கும் டி), யு, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய். தமிழில் ‘ப’ இருப்பதுபோல. இவற்றைச் செதுக்கும்போது திருப்பவேண்டிய தொல்லையே இல்லை. பி, இ, எஃப், ஆர் போன்றவை வேறு வகை. அவற்றுக்கு ஒரு முதுகு உண்டு. முதுகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே திருப்பியாயிற்றா இல்லையா என்று தெரிந்துவிடும்.

‘என்’, ‘எஸ்’, ‘இசட்’ ஆகிய மூன்றும்தான் பொறி. அவற்றுக்கு முதுகும் இல்லை, முகமும் இல்லை. அச்சைத் தலைகீழாகச் சுற்றிவைத்துப் பார்த்தாலும் அப்படியே தெரியும். சரியாகத் திருப்பியிருக்கிறோமா என்று சோதிக்கக் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. அப்போது கை தன் பழக்கத்துக்குப் போய்விடும்; தாளில் எழுதுகிறபடியே ‘என்’னை வெட்டிவிடும். அச்சில் நேராக நின்ற எழுத்து, புட்டியில் திரும்பி நிற்கும். அதாவது நீங்கள் காணும் திரும்பிய ‘என்’, செதுக்கியவர் அந்த ஒரு எழுத்தைச் சாதாரணமாக எழுதிவிட்டதன் விளைவு.

ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க வீடுகளில் பழங்களையும் காய்களையும் பதப்படுத்தி வைத்த திருகுமூடி ஜாடிகளில் ‘மேசன்ஸ் பேட்டன்ட் நவ் 30த் 1858’ என்ற வாசகம் ஆங்கிலத்தில் புடைத்திருக்கும். எண்களை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்: பதினேழு. அவற்றில் பத்து, திருப்பினாலும் மாறாதவை. மீதி ஏழில் மூன்று ‘என்’, இரண்டு ‘எஸ்’. ஆக, பிசகக்கூடிய ஏழு இடங்களில் ஐந்து பொறிகள். இந்த ஜாடிகளில் திரும்பிய ‘என்’ அடிக்கடி தட்டுப்படுவதில் என்ன வியப்பு?

என் புட்டியில் எல்லா எழுத்தும் திரும்பி இருக்கின்றன. அரிய பொருளா?

முதலில் புட்டியைச் சுற்றிப் பிடியுங்கள். பின்பக்கச் சுவரில் இருக்கும் எழுத்தை முன்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆம்புலன்ஸ் நெற்றியில் எழுதியதுபோல்தான் தெரியும். படம் மட்டும் அனுப்பிக் கேட்பவர்கள், செல்பேசியின் முன்கேமரா படத்தைத் திருப்பியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி வரும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த இரண்டில் தீர்ந்துவிடும். உண்மையான பிழை பெரும்பாலும் ஒன்றிரண்டு எழுத்தோடு நிற்கும்.

பிழை தெரிந்த பிறகும் ஏன் திருத்தவில்லை?

திருத்துவது நாம் நினைப்பதுபோல் எளிது அல்ல. தாளில் தவறினால் அடிக்கலாம், சுரண்டலாம். அச்சில் எழுத்து என்பது ஒரு பள்ளம். வெட்டிய பள்ளத்தை இன்னும் வெட்டித் திருத்த முடியாது. சரியான எழுத்தை அதன் மேலேயே வெட்டினால் பழைய பள்ளமும் புதிய பள்ளமும் சேர்ந்து, புட்டியில் இரண்டு எழுத்தும் பின்னிக்கொண்டு மேடாக எழும். அப்படிப்பட்ட புட்டிகளும் இருக்கின்றன. ஒரே இடத்தில் இரண்டு எழுத்து மல்லுக்கட்டுவதைப் பார்த்தால், அங்கே ஒருவர் தன் தவறைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பொருள்.

ஒழுங்காகத் திருத்த வேண்டுமானால் பள்ளத்தை முதலில் தூர்க்க வேண்டும். சுற்றியுள்ள இரும்பைச் சுத்தியால் தட்டித்தட்டிப் பள்ளத்துக்குள் நகர்த்தலாம். அல்லது துளையிட்டு உலோக ஆப்பு இறக்கிச் சமன் செய்யலாம். பிறகு மீண்டும் செதுக்க வேண்டும். அதற்குள் பிழையோடு பல நூறு புட்டிகள் ஊதி முடிந்திருக்கும். ஒரு ‘என்’ திரும்பியிருப்பதால் மருந்து ஒழுகப்போவதில்லை, சோடாவின் காரம் குறையப்போவதில்லை. மருந்துப் புட்டியானால் மேலே காகித லேபிள் வேறு ஒட்டுவார்கள். கண்ணாடி ஆலையிலோ எண்ணிக்கைக்குத்தான் கூலி. உலையருகே நிற்பவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கவில்லை. அச்சைத் திறந்து மூடியவர்களும், சூடான புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் பல ஆலைகளில் சிறுவர்கள். லூயிஸ் ஹைன் 1908, 1909ஆம் ஆண்டுகளில் எடுத்த புகைப்படங்களில் அந்தப் பிள்ளைகளின் முகங்களைக் காணலாம். அவர்களிடம் பிழைதிருத்தம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

எழுத்துத் திரும்பியதல்ல, சொல்லே தவறாக இருக்கிறது. அப்படியும் உண்டா?

உண்டு. அதற்குப் புகழ்பெற்ற சான்று ஜென்னி லிண்ட் புட்டி. ஸ்வீடன் நாட்டுப் பாடகியான இவரை 1850இல் பி. டி. பார்னம் அமெரிக்காவுக்கு அழைத்துவந்து ஊர் ஊராகப் பாடவைத்தார். நாடே பித்துப்பிடித்து நின்றது. கண்ணாடி ஆலைகளும் அவர் உருவத்தைப் புட்டியில் வார்த்தன. சுரைக்குடுக்கை வடிவப் புட்டி, நீண்ட கழுத்து, நடுவில் மாலை சூழ்ந்த பாடகியின் மார்பளவு உருவம். அவற்றில் சில அச்சுகளில் பெயரில் இரட்டித்து வரவேண்டிய ‘என்’ ஒன்றே ஒன்றாக இருக்கிறது: ‘ஜெனி லிண்ட்’. முகத்தை மெனக்கெட்டுச் செதுக்கியவர் பெயரில் கோட்டைவிட்டிருக்கிறார். நியூ ஜெர்சியின் ஃபிஸ்லர்வில் ஆலைப் பெயர் கொண்ட புட்டிகளில் பெயர் சரியாகவே இருக்கிறது. ‘ஜெனி’ என்று வந்த புட்டிகளில் ஒருவகை இன்னும் மோசம். ஆலையின் பெயரையே ‘மில்ஃபோரா’ என்று போட்டிருக்கிறார்கள். ‘மில்ஃபோர்ட்’ என்று இருக்க வேண்டியது, கடைசி எழுத்து ‘டி’க்குப் பதில் ‘ஏ’ ஆகிவிட்டது.

இன்னொன்று, பால் நிறுவனத்தின் ஜாடி. ‘பால்’ என்றதும் நமக்கு வேறு நினைவு வரும். இது ஒரு குடும்பப் பெயர். இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் ஆலை நடத்திய சகோதரர்கள். அவர்களின் ‘பால் பெர்ஃபெக்ட் மேசன்’ ஜாடிகளில் சிலவற்றில் நான்காவதாக வரவேண்டிய ‘எஃப்’ஃபும் ஐந்தாவதாக வரவேண்டிய ‘இ’யும் இடம் மாறியிருக்கின்றன. பிழையே இல்லாதது என்று பொருள்படும் சொல்லில் போய்ப் பிழை.

தவறு யாருடையது? செதுக்கியவருக்குப் படிக்கத் தெரியாதா?

அப்படிச் சொல்வது அவருக்கு அநியாயம் என்பது என் எண்ணம். எழுத்தறியாதவர் கண்டபடி வெட்டினால் பிழைகள் எல்லா எழுத்திலும் சிதறிக் கிடக்க வேண்டும். அவை ‘என்’னிலும் ‘எஸ்’ஸிலும் வந்து குவிவதே, எழுதப் பழகிய கைதான் தடுமாறியது என்பதைக் காட்டுகிறது.

சொற்பிழைக்கு வேறு வாசலும் உண்டு. சின்ன ஊர் மருந்துக்கடைக்காரர் தனக்கென்று முழு அச்சு செய்துகொள்ளக் கட்டுபடியாகாது. அதற்காக ஆலைகள் ஒரு வழி வைத்திருந்தன: பொதுவான அச்சு ஒன்று, அதன் வயிற்றில் கழற்றி மாட்டக்கூடிய தகடு ஒன்று. கடைக்காரரின் பெயரையும் ஊரையும் தகட்டில் மட்டும் செதுக்கினால் போதும். நியூ ஜெர்சியின் மில்வில் நகரில் இருந்த ‘விட்டால் டேட்டம்’ என்ற கண்ணாடி நிறுவனம் இப்படித்தான் எண்ணற்ற மருந்துக்கடைகளுக்குப் புட்டி செய்து அனுப்பியது. எழுத்தைச் சுற்றி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ மெல்லிய கோடு தெரிந்தால் அது தகட்டின் விளிம்பு. செதுக்கியவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை, அந்தக் கடைக்காரரை அறியார். கையெழுத்தில் வந்த ஆர்டர் கடிதம்தான் அவருக்கு ஆதாரம். கிறுக்கலில் ‘ஏ’ எது, ‘ஓ’ எது? நம் திருமண அழைப்பிதழ்களில் உறவினர் பெயர் என்ன பாடுபடுகிறது என்று எண்ணிப் பார்த்தால் அவர்மேல் கோபம் வராது.

பிழைபோல் தெரிந்து, பிழை அல்லாதவை எவை?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், பணமும் இழக்கிறார்கள்.

பிட்ஸ்பர்க் நகரின் பெயர் இறுதியில் ‘எச்’ இல்லாமல் இருந்தால் உடனே பிழை என்று துள்ள வேண்டாம். 1891இல் அமெரிக்காவின் புவியியல் பெயர்களுக்கான வாரியம் அந்த ‘எச்’சை நீக்கியது, ஊரார் விடாமல் போராடி 1911இல் திரும்பப் பெற்றார்கள். ஆகவே ‘எச்’ இல்லாத பிட்ஸ்பர்க் அந்த இருபது ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருக்கலாம். வேறு காலங்களிலும் இரண்டு வகையாக எழுதியவர்கள் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்கக் கூடாது.

ஃபிலடெல்ஃபியாவை ‘ஃபிலடா’ என்று முடித்திருப்பது சுருக்கம். ஜெனரல் என்பதை நான்கே எழுத்தில் ‘ஜென்ல்’ என்று போட்டிருப்பதும் அப்படியே. பழைய மருந்துச் சிமிழ்களில் ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ வந்திருந்தால் அது கல்வெட்டு எழுத்துகளைப் பின்பற்றிய வழக்கம்.

பால் ஜாடிகளில் நிறுவனப் பெயரின் முடிவில் மூன்று ‘எல்’ இருப்பதாகச் சிலர் சத்தியம் செய்வார்கள். இருப்பது இரண்டுதான். கையெழுத்துப் பாணியில் கடைசி ‘எல்’லின் வால் சுழித்து மேலே எழும்போது மூன்றாவது எழுத்தாகத் தோன்றுகிறது.

ஜாடியில் 1858 என்று இருக்கிறது. அவ்வளவு பழையதா?

பெரும்பாலும் இல்லை. ஜான் லாண்டிஸ் மேசன் திருகு கழுத்து ஜாடிக்கு 1858 நவம்பர் 30இல் காப்புரிமை பெற்றார். வாசகம் சொல்வது அந்த நாளை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகும் பல நிறுவனங்கள் அதே வரியை ஜாடிகளில் போட்டுக்கொண்டே இருந்தன. இருபதாம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது. வாங்குபவர்கள் அந்த வரியைத் தேடி வாங்கினார்கள், அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை, ‘மன்னரின் காப்புரிமை’ என்று புடைத்த அமெரிக்கச் சிமிழ்கள். லண்டனின் ராபர்ட் டர்லிங்டன் தன் தைலத்துக்கு 1744இல் அரச காப்புரிமை வாங்கினார். காலிப் புட்டிகளில் போலித் தைலம் அடைத்து விற்றவர்களின் தொல்லை தாங்காமல் 1754இல் தனி வடிவச் சிமிழ் ஒன்றை வடிவமைத்து, நான்கு பக்கமும் வாசகம் நிரப்பினார். போலிகளுக்கு அது தடையாகவா இருந்தது? வடிவத்தோடும் 1754 என்ற ஆண்டோடும் சேர்த்து அப்படியே நகலெடுத்தார்கள். பெப்பர்மின்ட் சாரச் சிமிழ்களும் இப்படித்தான். மன்னரை விரட்டிவிட்டுக் குடியரசான நாட்டில், மன்னர் பெயர் தாங்கிய சிமிழ்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஊதப்பட்டன. ‘ராயல்’ என்ற சொல்லில் ஒரு ‘எல்’ கூடுதலாக இருப்பது பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்துமுறை. நகலெடுத்தவர்கள் அதையும் விசுவாசமாக நகலெடுத்தார்கள்.

‘இ’ பார்க்க ‘எஃப்’போல் இருக்கிறது, அடிக்கோட்டைக் காணோம். செதுக்கியதில் பிழையா?

ஒரே மாதிரியான இன்னொரு புட்டியைத் தேடிப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே குறை இருந்தால் அச்சில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் இருந்தால் ஊதும்போது நேர்ந்தது. அச்சு போதுமான சூடில்லாமல் இருந்தாலும், கண்ணாடி ஆறிப்போயிருந்தாலும் பள்ளத்தின் மூலைவரை அது போய் நிரம்பாது. ‘ஆர்’ கால் இழந்து ‘பி’ ஆகும், ‘ஓ’ வாய்திறந்து ‘சி’ ஆகும். அச்சுக்குள் புட்டி சற்றே நழுவினால் எழுத்து இரட்டையாகத் தெரியும். இவற்றுக்குச் செதுக்கியவர் பொறுப்பல்ல.

எழுத்துக்கு அடியில் வேறு எழுத்து மங்கலாகத் தெரிகிறதே?

கடை கைமாறியிருக்கும், அல்லது ஒரு வாடிக்கையாளர் போய் இன்னொருவர் வந்திருப்பார். புது அச்சு செய்யாமல் பழைய பெயரைத் தட்டித் தூர்த்துவிட்டு மேலே புதிதாக வெட்டியிருக்கிறார்கள். தூர்த்தது முழுதாகச் சமனாகாதபோது முந்தைய பெயர் நிழலாக எழுகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் புட்டியை மெல்ல உருட்டினால் பல சமயம் படித்துவிடலாம். திரும்பிய ‘என்’னைவிட எனக்கு இவைதான் சுவை.

இயந்திரம் வந்த பிறகு பிழை நின்றதா?

இல்லை. மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கிப் புட்டி இயந்திரம் 1903இல் ஓஹியோவின் டொலிடோவில் வேலை செய்யத் தொடங்கியது. ஊதுபவரின் மூச்சுக்கு வேலை போயிற்று. அச்சு செதுக்கும் கை அப்படியே இருந்தது. மேலே சொன்ன பால் ஜாடிப் பிழை இயந்திர காலத்தைச் சேர்ந்ததுதான்.

பிழையுள்ள புட்டிக்கு விலை அதிகமா?

சில சமயம் அதிகம், பல சமயம் இல்லை. அச்சில் பிறந்த பிழை, அந்த அச்சு உழைத்த காலமெல்லாம் பிள்ளை பெற்றுக்கொண்டே இருக்கும். திரும்பிய ‘என்’ ஒன்றைக் காட்டி ‘உலகிலேயே ஒன்றுதான்’ என்று எழுதிய விற்பனை விளம்பரத்தை நானே பார்த்திருக்கிறேன். அச்சில் வார்த்த பொருள் எப்படி உலகிலேயே ஒன்றாக இருக்கும் என்று விற்றவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மேசன் ஜாடியில் நிறமும் அளவும் சேதமின்மையும் விலையை ஏற்றுகிற அளவுக்குத் திரும்பிய எழுத்து ஏற்றுவதில்லை. பிழை பிடித்திருந்தால் வாங்குங்கள். முதலீடு என்று வாங்காதீர்கள்.

பிழை இருந்தால் அசல் என்று நம்பலாமா?

கூடாது. பழைய புட்டியிலிருந்தே அச்செடுத்துப் பிற்காலத்தில் நகல் செய்தால் பிழையும் கூடவே வந்துவிடும். ஜென்னி லிண்ட் புட்டிகளை இருபதாம் நூற்றாண்டில் நியூ ஜெர்சியின் கிளெவெஞ்சர் சகோதரர்கள் மறுபடி செய்து விற்றார்கள். கண் கூசும் நிறங்களில் வரும் 1858 ஜாடிகளிலும் எச்சரிக்கை தேவை. கழுத்து முடிந்த விதம், அடிப்பாகத் தேய்மானம், கண்ணாடிக்குள் இருக்கும் குமிழ்கள் இவற்றைப் பார்க்கப் பழகுங்கள்.

நம் ஊர் கோலி சோடா புட்டியும் இந்த வகைதானா?

எழுத்துப் புடைத்த விதத்தில் ஆம். அந்த வடிவம் இங்கிலாந்தின் ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்றது. கோலியை இழந்து பரணில் கிடக்கும் பழைய சோடா புட்டி உங்கள் வீட்டில் இருந்தால், தோளில் புடைத்த பெயரை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

மங்கிய எழுத்தைப் படிக்கக் கம்பியால் சுரண்டலாமா?

வேண்டவே வேண்டாம். மெல்லிய தாளை எழுத்தின் மேல் வைத்துப் பென்சிலால் தேயுங்கள், பள்ளிக்கூடத்தில் நாணயத்தை வைத்துத் தேய்த்ததுபோல. போதும்.

அச்சு செதுக்கியவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா?

தெரியும், அதுவும் கண்ணாடியிலேயே. அங்கேரித் தலைவர் லயோஸ் கொசூத் 1851 டிசம்பரில் அமெரிக்கா வந்தபோது அவருக்கும் புட்டி வார்த்தார்கள். ஒரு பக்கம் அவர் உருவம். மறுபக்கம் அவரைத் துருக்கியிலிருந்து ஏற்றிச் சென்ற மிசிசிப்பி என்ற போர்க்கப்பல். புட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தால் இன்னொரு பெயர் இருக்கிறது: பிஎச். (ஃபிலிப் என்பதன் சுருக்கம்) டோஃப்லைன், அச்சு செய்பவர், வடக்கு ஐந்தாம் தெரு, 84. ஃபிலடெல்ஃபியாக்காரர். தலைவருக்கும் கப்பலுக்கும் அடியில், புட்டி மேசையில் நிற்கும்வரை யாரும் பார்க்க முடியாத இடத்தில், தன் விலாசத்தைத் திருப்பித் திருப்பிச் செதுக்கி வைத்திருக்கிறார். ‘ஐந்தாம்’ என்பதைக் குறிக்கும் எண்ணுக்குப் பின்னால் ‘டி’யும் ‘எச்’சும் வர வேண்டும். அவர் ‘டி’ மட்டும் போட்டிருக்கிறார். இடம் போதவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எல்லாரும் அப்படி நினைக்க வேண்டியதில்லை.